கிராமப்புறத்தில் நோயுற்ற குழந்தைகளும் சமுதாய சுகாதாரச் சேவையின் பயன்பாடும்: எத்தியோப்பியா, கட்சிரோலி, மாலி பட்டறிவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா ஆகிய நோய்களுக்குரிய மருத்துவம் எளிமையானது, விலை குறைந்தது. மருத்துவர் இல்லாத ஊர்களிலும் பயிற்சி பெற்ற சமுதாயப் பணியாளர் வழியாக அதனை வழங்க இயலும். எனினும் சேவை ஊருக்குள் வந்த பின்னரும் நோயுற்ற குழந்தைகள் அச்சேவையை நாடி வராத நிலை பல நாடுகளில் காணப்படுகிறது. எத்தியோப்பியாவின் சுகாதார விரிவாக்கத் திட்டத்தை முதன்மைச் சான்றாகவும், இந்தியாவின் கட்சிரோலி, மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி ஆகியவற்றின் பட்டறிவுகளை ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொண்டு இந்நிலைக்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. சேவையின் அருகாமையைக் காட்டிலும், தேவைப்படும் வேளையில் அது கிடைக்கும் என்ற உறுதியே பயன்பாட்டைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதன்மைச் சொற்கள்: சமுதாய சுகாதாரம், குழந்தை நலம், சேவைப் பயன்பாடு, எத்தியோப்பியா, கட்சிரோலி, மாலி, நோய்ச்சொற்கள்.

முன்னுரை

1978ஆம் ஆண்டு அல்மா ஆட்டாவில் நடைபெற்ற பன்னாட்டு மாநாடு, அடிப்படை மருத்துவம் மக்கள் வாழும் இடத்திற்கே செல்ல வேண்டும் என்று அறிவித்தது. அதன் பின்னர்ப் பல நாடுகள் கிராமப் பணியாளர்களை நியமித்தன. குழந்தை மருத்துவத்தில் இம்முறை ‘ஒருங்கிணைந்த சமுதாய நோய்ப் பராமரிப்பு’ என்ற வடிவம் பெற்றது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட கூட்டறிக்கை இம்முறையைப் பரிந்துரைத்தது.

இம்முறையின் உள்ளடக்கம் சிக்கலானதன்று. இருமலோடு வரும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுமையாக எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையிலான குழந்தைக்கு நிமிடத்திற்கு ஐம்பதோ அதற்கு மேலோ, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான குழந்தைக்கு நாற்பதோ அதற்கு மேலோ மூச்சு இருப்பின் நிமோனியா எனக் கொண்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தர வேண்டும். வயிற்றுப்போக்கிற்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் போதும். மலேரியாவை ஒரு துளி இரத்தத்தில் விரைவுச் சோதனையால் அறியலாம். மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து கடும் ஊட்டக்குறைவைக் கண்டறியலாம். தீவிர அறிகுறி உள்ள குழந்தையை மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் ஊருக்குள்ளேயே இலவசமாகக் கிடைக்கும்போது தாய்மார்கள் ஏன் குழந்தையைக் கொண்டு வருவதில்லை? இவ்வினாவே இக்கட்டுரையின் அடிப்படை.

1. ‘பயன்பாடு’ என்னும் கருத்தாக்கம்

சேவையின் இருப்பையும் அதன் பயன்பாட்டையும் பிரித்துக் காண்பது முதற்படியாகும். அமெரிக்கச் சமூகவியலாளர் ரொனால்ட் ஆண்டர்சன் 1968ஆம் ஆண்டு முன்வைத்த மாதிரி, மருத்துவச் சேவைப் பயன்பாட்டை மூன்று காரணிகளால் விளக்கியது. குடும்பத்தின் இயல்புகளும் நம்பிக்கைகளும் முதலாவது. பணம், தொலைவு, சேவை வசதி போன்ற வாய்ப்புகள் இரண்டாவது. நோயின் தேவை மூன்றாவது. 1994ஆம் ஆண்டு தாதியஸ், மெயின் ஆகிய இருவரும் தாய்மார் இறப்பை ஆராய்ந்து, முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்த பின் மருத்துவம் பெறுவதில் தாமதம் என மூன்று தாமதங்களை வகுத்தனர். இவ்வகைப்பாடு குழந்தை நோய்களுக்கும் பொருந்துவதாகும்.

சமுதாயப் பணியாளர் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவது தாமதத்தைக் குறிவைத்தவை. தொலைவு குறைந்தால் மக்கள் வருவர் என்பதே அவற்றின் எடுகோள். ஆனால் தொலைவு குறைந்த பின்னரும் முதல் தாமதமும் மூன்றாம் தாமதமும் எஞ்சி நிற்கின்றன. அவை ஒன்றையொன்று வளர்க்கவும் செய்கின்றன. சென்றால் மருந்து கிடைக்குமா என்ற ஐயம் இருக்கும் இடத்தில், செல்லலாம் என்ற முடிவும் தள்ளிப்போகும். எத்தியோப்பியாவின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

2. எத்தியோப்பியாவின் சுகாதார விரிவாக்கத் திட்டம்

எத்தியோப்பிய அரசு 2003ஆம் ஆண்டு சுகாதார விரிவாக்கத் திட்டத்தைத் தொடங்கியது. ‘கெபேலே’ எனப்படும் மிகச்சிறிய ஆட்சிப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு சுகாதார நிலையம் கட்டப்பட்டது. ஒரு நிலையத்தின் எல்லைக்குள் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 பேர் வாழ்ந்தனர். பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஓராண்டுப் பயிற்சிக்குப் பின், நிலையத்திற்கு இருவர் வீதம் அரசு ஊதியத்தில் அமர்த்தப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள் அவர்களின் எண்ணிக்கை 30,000ஐக் கடந்தது. வறுமை மிக்க ஒரு நாடு இத்துணைக் குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய பெண் பணியாளர் படையை ஊதியத்தோடு உருவாக்கியமை பொதுச் சுகாதார வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

தொடக்கத்தில் இவர்களின் பணி பெரும்பாலும் நோய்த்தடுப்பைச் சார்ந்தது. கழிப்பறை அமைத்தல், தூய்மை, குடும்ப நலம், தடுப்பூசி ஆகியவற்றை வீடுவீடாகச் சென்று கற்பிப்பதே முதன்மைக் கடமை. நிமோனியாவிற்கு நுண்ணுயிர்க்கொல்லி தரும் உரிமை அவர்களுக்கு வழங்கப்படவில்லை. அத்தகைய குழந்தைகளை மேல்நிலை சுகாதார மையத்திற்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டில் கொள்கை மாற்றப்பட்டது. 2011 முதல் நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா, கடும் ஊட்டக்குறைவு ஆகிய அனைத்திற்கும் சுகாதார நிலையத்திலேயே மருத்துவம் அளிக்கும் முறை நாடளவில் விரிவுபடுத்தப்பட்டது. ஐந்து வீட்டிற்கு ஒரு பெண் வழிகாட்டி என்ற அடிப்படையில் மகளிர் வளர்ச்சிப் படையும் உருவாக்கப்பட்டது.

இக்காலகட்டத்தில் எத்தியோப்பியாவின் குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டின்படி, 1990இல் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளில் 204 பேர் ஐந்து வயதிற்குள் இறந்தனர். 2012இல் அவ்வெண் 68 ஆயிற்று. தடுப்பூசி, மலேரியா வலை, உணவுநிலை, கல்வி, பொருளாதார வளர்ச்சி எனப் பல காரணங்கள் இதற்குப் பங்களித்திருக்க வேண்டும். புதிதாகத் தரப்பட்ட நோய்ப் பராமரிப்பின் பங்கு எவ்வளவு என்பது தனித்து ஆராயத்தக்க வினாவாக இருந்தது.

3. ஒரு கள ஆய்வு தந்த எதிர்பாராத விடை

ஒரோமியா மாநிலத்தின் ஜிம்மா, மேற்கு ஹரார்கே ஆகிய இரு வட்டாரங்களில் இவ்வினாவிற்கு விடை தேடும் ஆய்வு நடைபெற்றது. ‘வொரெடா’ எனப்படும் 31 மாவட்டப் பிரிவுகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு தொகுதியில் முழுமையான நோய்ப் பராமரிப்பு 2011 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டது. மற்றொன்றில் வழக்கமான சேவை தொடர்ந்தது. பணியாளர்க்குப் பயிற்சியும் மேற்பார்வையும் வழங்கப்பட்டன. தர ஆய்வின்போது, முதன்மை நோய்களுடன் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குப் பணியாளர்கள் சரியான மருத்துவம் அளித்தமை தெரியவந்தது. ஓராண்டுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் இது பாராட்டத்தக்க அளவேயாகும்.

எனினும் இறுதியில் இரு தொகுதிகளுக்கும் இடையே குழந்தை இறப்புக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனை விளக்கிய ஆய்வாளர்கள் சேவைப் பயன்பாடு தாழ்ந்தே இருந்தமையைச் சுட்டினர். மருந்து இருந்தது, பயிற்சியும் இருந்தது, நோயுற்ற குழந்தைகளுள் மிகச் சிலரே நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டனர்.

இதன் பரிமாணத்தை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 5,000 பேர் வாழும் ஒரு கெபேலேயில் ஏழில் ஒரு பங்கினர் ஐந்து வயதிற்குட்பட்டோர் எனக் கொண்டால் ஏறத்தாழ 700 குழந்தைகள் இருப்பர். ஒரு குழந்தைக்கு ஆண்டிற்கு இருமுறை மட்டுமே மருத்துவம் தேவைப்படும் நோய் வரும் எனக் குறைத்து மதிப்பிட்டாலும், ஆண்டிற்கு 1,400 வருகைகள், மாதத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட வருகைகள் இருக்க வேண்டும். சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் காணப்பட்டது இதன் சிறு பகுதியே.

4. பயன்பாட்டைத் தடுத்த காரணங்கள்

4.1 நோயை அறிதலும் பெயரிடலும்

குழந்தை வேகமாக மூச்சு வாங்குவதைத் தாய் காணாமல் இருப்பதில்லை. அதனை அவர் எவ்வாறு பொருள்கொள்கிறார் என்பதே அடுத்த செயலைத் தீர்மானிக்கிறது. எத்தியோப்பியாவில் வெயிலில் சென்றதாலோ கடும் மணத்தாலோ வருவதாகக் கருதப்படும் காய்ச்சல் வகைக்கு ‘மிச்’ என்று பெயர். அதற்கு மூலிகையே மருந்து என்பது மக்கள் நம்பிக்கை. கண்ணேறு பற்றிய ‘புடா’ என்ற நம்பிக்கையும் பரவலானது. நோயின் பெயரே அதற்குரிய மருத்துவரையும் சுட்டிவிடுகிறது. மூலிகை அறிந்த மூதாட்டியிடம் செல்ல வேண்டிய நோய் என்று பெயரிடப்பட்டபின், சுகாதார நிலையம் எத்துணை அருகில் இருந்தாலும் அது பொருட்டாவதில்லை.

பச்சிளங் குழந்தைகளின் நிலை இன்னும் கடினமானது. வடபகுதிக் கிறித்தவ மரபில் ஆண் குழந்தைக்கு நாற்பதாம் நாளிலும் பெண் குழந்தைக்கு எண்பதாம் நாளிலும் திருமுழுக்கு நடைபெறும். அதுவரை குழந்தையை வெளியே கொண்டு செல்லத் தயங்குவர். இறப்பு மிகுதியாக நிகழ்வதோ முதல் சில நாள்களில்.

4.2 பணியாளர் பற்றிய பிம்பம்

கழிப்பறை கட்டுமாறு வற்புறுத்தியும் குடும்பக் கட்டுப்பாடு பற்றி விளக்கியும் ஏழு ஆண்டுகள் வீடுவீடாக வந்த பெண், திடீரென மருந்து தருபவராக மாறினார். அரசாணையால் அவர் பணி மாறியது. ஊரார் மனத்தில் அவர் இடம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. அவரை அறிவுரை கூறுபவராக அறிந்த தாய், உயிர்க்கு இடரான வேளையில் மருந்துக்கடையையோ, ஊசி போடும் தொலைவிலுள்ள மையத்தையோ நாடினார்.

4.3 மூடிய கதவு

ஒரு நிலையத்திற்கு இரண்டு பணியாளர்களே. அவர்கள் வீடுகளுக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி முகாம் நடத்த வேண்டும். கூட்டங்களுக்கும் பயிற்சிக்கும் செல்ல வேண்டும். இவ்வேளைகளில் நிலையம் மூடப்பட்டது. சிலர் கெபேலேக்கு வெளியே வசித்தமையால் மாலையிலும் விடுமுறை நாள்களிலும் சேவை கிடைக்கவில்லை. காய்ச்சலோ பெரும்பாலும் இரவில் கூடுகிறது. குழந்தையைச் சுமந்து நடந்து வந்து மூடிய கதவைக் கண்ட தாய், அடுத்த முறை அத்திசையில் வருவது அரிது. அவர் கண்டதை அண்டை வீட்டாரும் கேட்டறிவர். எனவே ஒருநாள் மூடிய கதவின் விளைவு ஒருநாளோடு முடிவதில்லை.

4.4 பயன்பாட்டுக் குறைவின் சுழற்சி

பயன்பாடு குறைவதே பயன்பாட்டை மேலும் குறைக்கிறது. மாதத்தில் ஓரிரு நிமோனியாக் குழந்தைகளை மட்டுமே காணும் பணியாளரின் மூச்சு எண்ணும் திறன் மங்குகிறது. செலவாகாத மருந்து காலாவதியாகிறது. செலவில்லை என்பதால் அடுத்த வழங்கல் குறைகிறது அல்லது தாமதமாகிறது. பின்னர் வரும் குழந்தைக்கு மருந்து இருப்பதில்லை. இச்சுழற்சியை வெளியிலிருந்து நோக்குபவர் ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று கூறிவிடக்கூடும். தாயின் நிலையிலிருந்து நோக்கினால், கிடைக்காத மருந்திற்காக நடக்காமல் இருந்தது அறிவார்ந்த முடிவே ஆகும்.

5. கட்சிரோலி: மக்கள் சொல்லிலிருந்து தொடங்கிய பணி

பயன்பாடு உயர்ந்த ஒரு சான்றை இங்கு ஒப்பிடுதல் பொருத்தமுடையது. மராட்டிய மாநிலத்தின் கிழக்கு எல்லையிலுள்ள காடு சூழ்ந்த மாவட்டம் கட்சிரோலி. மருத்துவர்களான அபய் பங், ராணி பங் இணையர் 1980களின் இடைப்பகுதியில் அங்கு ‘சர்ச்’ என்ற அமைப்பை நிறுவினர். பெரிய மருத்துவமனையைக் கண்டு அஞ்சிய பழங்குடி மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்து, அவர்தம் குடியிருப்பை ஒத்த குடில்களாக மருத்துவமனையை அமைத்து, அவர்கள் வழிபடும் தந்தேஸ்வரி அன்னையின் பெயரையே அதற்குச் சூட்டினர்.

1988இல் தொடங்கிய நிமோனியா ஆய்வில் கிராமப் பணியாளரும் மருத்துவச்சிகளும் மூச்சை எண்ணவும் கோட்ரைமாக்சசோல் மருந்து தரவும் பயிற்றுவிக்கப்பட்டனர். பெரிய எண்களை எண்ணப் பழகாத மருத்துவச்சிகளுக்காக, ஒரு நிமிட மணற்கடிகையும் கம்பியில் நகரும் மணிகளும் கொண்ட எளிய கருவி உருவாக்கப்பட்டது. பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்தினால் போதும். பெற்றோர்க்கும் நிமோனியாவின் அறிகுறிகள் கற்பிக்கப்பட்டன. விளைவாக, நிகழ்ந்த நிமோனியா நோய்களுள் 76 விழுக்காடு மருத்துவம் பெற்றன. நோயுற்றோருள் இறந்தோர் 0.8 விழுக்காடு, ஒப்பீட்டுப் பகுதியில் இது 13.5 விழுக்காடாக இருந்தது.

அடுத்த கட்டமாக 39 கிராமங்களில் பச்சிளங் குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. கிராமப் பெண் பிறப்பின்போதும் தொடர்ந்து பல நாள்களும் வீட்டிற்கே சென்றார். அப்பகுதியில் 1993–95 காலத்தில் ஆயிரத்திற்கு 62ஆக இருந்த பச்சிளங் குழந்தை இறப்பு 1997–98இல் 25 அளவிற்குக் குறைந்தது. இதன் அடிப்படையில் இந்திய அரசு 2011இல் ஆஷா பணியாளர் வழி வீட்டுப் பராமரிப்பை நாடளவில் ஏற்றது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆஷா காண வேண்டும். தாய் வருவதற்காகக் காத்திராமல் சேவையே வீட்டிற்குச் செல்வதால், நாற்பது நாள் வெளியே செல்லாத வழக்கம் இங்குத் தடையாவதில்லை.

6. மாலி தரும் எச்சரிக்கை

வீடு தேடிச் செல்வதே முழுத் தீர்வு என்ற முடிவிற்கு இதிலிருந்து வந்துவிடலாகாது. மாலி நாட்டின் பங்காஸ் மாவட்டத்தில் 2017 முதல் 2020 வரை நடைபெற்ற ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. 137 கிராமத் தொகுதிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றில் பணியாளர் நாள்தோறும் வீடுவீடாகச் சென்றார். மற்றொன்றில் ஊருக்குள் ஓரிடத்தில் அமர்ந்து சேவை அளித்தார். இரண்டிலும் மருத்துவம் இலவசம். பணியாளர்க்கு ஊதியமும் மேற்பார்வையும் இருந்தன. இரு தொகுதிகளிலுமே குழந்தை இறப்பு பெரிதும் குறைந்தது. இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதனை எத்தியோப்பிய நிலையோடு ஒப்பிடும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. பணியாளர் நடந்து சென்றாரா, அமர்ந்திருந்தாரா என்பது இரண்டாம் நிலை வினா. அவர் ஊருக்குள் இருந்தாரா, மருந்தோடு இருந்தாரா, கட்டணமின்றி அளித்தாரா, தவறாமல் அளித்தாரா என்பவையே முதல்நிலை வினாக்கள். வீட்டுப் பார்வை இன்றியமையாததாகும் இடம், குழந்தை வெளியே வர இயலாத பிறந்த பருவமேயாகும்.

7. நோய்ச்சொற்களும் தமிழாய்வும்

இப்பொருளில் தமிழாய்வாளர்க்கும் ஒரு பங்கு உண்டு. தாய் நோய்க்கு இடும் பெயரே அவர் செல்லும் வாயிலைத் தீர்மானிக்கிறது என்பதை மேலே கண்டோம். குழந்தை நோய்ப் பெயர்களில் தமிழ் வளமுடைய மொழி. சித்த மருத்துவத்தின் பாலவாகட நூல்கள் கணம், மாந்தம், தோடம், கரப்பான், அக்கரம் எனக் குழந்தை நோய்களை வகைப்படுத்துகின்றன. மக்கள் வழக்கில் உரம் விழுதல், சீர் தட்டுதல், இழுப்பு போன்ற சொற்கள் இன்றும் வழங்குகின்றன. ஒரே சொல் வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபட்ட அறிகுறிகளைக் குறிப்பதும் உண்டு.

விழிப்புணர்வுப் பதாகையில் ‘நிமோனியா’ என்று அச்சிடப்படும் நோயும், தாயின் மனத்தில் ‘இழுப்பு’ என்றோ ‘மாந்தம்’ என்றோ பதிந்துள்ள நோயும் ஒன்றே என்பதை அவருக்கு யார் உணர்த்துவது? எந்தச் சொல் எந்த அறிகுறியைக் குறிக்கிறது, அச்சொல் எழுந்தவுடன் குடும்பம் முதலில் யாரை நாடுகிறது, எத்தனை நாள் காத்திருக்கிறது என்பவற்றை வட்டார வாரியாகத் தொகுப்பது நாட்டார் வழக்காற்றியலும் வட்டார வழக்கியலும் ஆற்றக்கூடிய பணி. அத்தொகுப்பு கிராம சுகாதாரச் செவிலியரின் கையேட்டிற்கு நேரடியாகப் பயன்படும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. சமுதாய சுகாதாரச் சேவையின் இருப்பும் பயன்பாடும் வேறானவை. எத்தியோப்பியாவில் பயிற்சியும் மருந்தும் இருந்தும் பயன்பாடு தாழ்ந்திருந்தமையால், எதிர்பார்த்த இறப்புக் குறைவு ஆய்வில் புலப்படவில்லை.

2. தாயின் அறியாமையை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. மூடிய கதவு, மருந்துத் தட்டுப்பாடு ஆகியவற்றை நேரில் கண்ட பட்டறிவே பல தாய்மார்களின் முடிவிற்குப் பின்னணியாகும்.

3. தடுப்புப் பணியாளர் ஒருவர் மருத்துவப் பணியாளராக மாறும்போது, ஊரார் அவரை ஏற்கும் காலத்தையும் முயற்சியையும் திட்டத்தில் சேர்த்தல் வேண்டும்.

4. கட்சிரோலியும் மாலியும் ஊருக்குள் தவறாது கிடைக்கும் இலவசச் சேவையின் பயனை மெய்ப்பித்துள்ளன. பச்சிளங் குழந்தைக்கு வீட்டுப் பார்வை தனித்தேவை.

5. சேவையை மதிப்பிடுவோர், கட்டப்பட்ட நிலையங்களையும் பயிற்சி பெற்றோரையும் எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. நோயுற்ற குழந்தைகளுள் எத்தனை பேர், நோய் தொடங்கி எத்தனை நேரத்திற்குள், உரிய மருந்தைப் பெற்றனர் என்று கணக்கிட வேண்டும்.

நிமோனியா கண்ட குழந்தைக்கு இருக்கும் அவகாசம் சில நாள்களே. அந்நாள்களுள் ஓர் இரவில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்திசையில் செல்வது என்று ஒரு தாய் முடிவெடுக்கிறார். முன்னர் அவர் சென்றபோது அக்கதவு திறந்திருந்ததா என்பதே அம்முடிவை வழிநடத்துகிறது.